பழைய கேமா, புதிய கேமா: எது எங்கே ஜெயிக்கிறது?

பழைய வீடியோ கேம்கள் நல்லவையா, புதியவையா என்று ஒருவரைக் கேட்டால், பதிலில் பெரும்பாலும் அவருடைய வயதுதான் தெரியவரும். பத்து வயதில் எதை விளையாடினாரோ அதுவே அவருக்குப் பொற்காலம். இந்த வழக்கை நினைவுகளைச் சாட்சியாக வைத்துத் தீர்க்க முடியாது. இரண்டையும் இன்றைக்கு, அடுத்தடுத்து விளையாடிப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்த பிறகு என் கட்சி இதுதான்: தொடங்குவதிலும் முடிவதிலும் பழைய கேம் ஜெயிக்கிறது. நடுவில் புதியது ஜெயிக்கிறது, அதுவும் சாதாரண வித்தியாசத்தில் அல்ல. பழையது என்று நான் சொல்வது ஏறத்தாழ 2000ஆம் ஆண்டு வரை வந்தவற்றை.

தொடக்கம்

1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸின் முதல் கட்டத்தைப் பாருங்கள். மாரியோ திரையின் இடப்பக்கத்தில், வலப்பக்கம் பார்த்து நிற்கிறான். அவனுக்கு முன்னால் வெற்றிடம். எந்தத் திசையில் போவது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. கொஞ்சம் நடந்தால் கும்பா என்ற குட்டி எதிரி நம்மை நோக்கி வருகிறது. மோதினால் சாவு. ஆனால் அதே இடத்துக்குத் திரும்பி வரச் சில நொடிகள் போதும் என்பதால் அந்தச் சாவு உறைப்பதில்லை. அடுத்த முறை குதிக்கிறோம். குதித்த வேகத்தில் தலை ஒரு கேள்விக்குறிப் பெட்டியில் இடிக்க, நாணயம் வருகிறது. இன்னொரு பெட்டியை இடித்தால் காளான் வருகிறது. கும்பாவிடம் அடிபட்டவர் காளானைக் கண்டும் ஒதுங்கத்தான் பார்ப்பார். அதுவோ வலப்பக்கம் ஓடி, ஒரு குழாயில் முட்டி, திரும்பி நம்மிடமே வருகிறது. தலைக்கு மேல் பெட்டிகள் வரிசையாக நிற்பதால் குதித்துத் தப்புவதும் கடினம். காளான் மேலே படுகிறது, மாரியோ பெரியவனாகிறான்! ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் திட்டமிட்டு அடுக்கிய வரிசை இது. ஒரு வரி விளக்கம்கூட இல்லாமல், ஒரு நிமிடத்துக்குள் விளையாட்டின் அடிப்படை விதிகள் கைக்கு வந்துவிடுகின்றன. இத்தனைக்கும் மொத்த விளையாட்டின் அளவு 40 கிலோபைட். இடத்தை மிச்சப்படுத்த, மேகத்துக்கு வரைந்த படத்தையே பச்சை நிறம் பூசிப் புதராகவும் நிறுத்தியிருக்கிறார்கள்.

எதிர்ப்பக்கத்தில் 2018இல் வந்த ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2. அது ஒரு மகத்தான படைப்பு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நூறு ஜிபிக்கு மேல் டவுன்லோடு செய்து முடித்து உட்கார்ந்தால், முதல் அத்தியாயம் முழுவதும் பனிமலையில் நம் கையைப் பிடித்து நடத்திக்கொண்டே போகிறார்கள். இங்கே போ, இந்தப் பொத்தானை அழுத்து, அவர் பின்னால் வா. நம் விருப்பப்படி குதிரையைத் திருப்ப அனுமதி கிடைப்பதற்குள் ஒரு மாலைப் பொழுது கழிந்துவிடும். இது இந்த ஒரு கேமின் குறை மட்டுமல்ல. பெரிய பட்ஜெட் கேம்களில் பலவும் விளையாட வந்தவரை முதலில் பார்வையாளராக உட்கார வைக்கின்றன. 2017இல் வந்த ப்ரெத் ஆஃப் த வைல்ட் என்ற செல்டா கேம் இதற்கு விதிவிலக்கு. குகையிலிருந்து வெளியே ஓடிவந்ததும் பரந்த நிலத்தைக் காட்டி, சில நிமிடங்களிலேயே நம் போக்கில் விட்டுவிடுகிறது.

அதற்காகப் பழைய கேம்கள் எல்லாமே மாரியோவைப் போலத் தெளிவானவை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அதே செல்டா வரிசையின் முதல் கேம் 1986இல் வந்தது. எந்தப் புதரை எரித்தால் படிக்கட்டு வரும், எந்தச் சுவரை வெடிவைத்தால் வழி திறக்கும் என்பதற்குப் பல இடங்களில் ஒரு குறிப்பும் இருக்காது. இதை ஆழம் என்று புகழ்கிறவர்கள் உண்டு. எனக்கு அது வீம்பாகத்தான் படுகிறது.

நடு

பழைய கேம்கள் கடினமானவை, புதியவை பிள்ளைவிளையாட்டு என்று ஒரு பேச்சு எப்போதும் உண்டு. பாதி உண்மை. அந்தக் கடினத்துக்குக் காரணம் பெரும்பாலும் காசு. காசு போட்டு விளையாடும் ஆர்கேட் எந்திரத்தில் ஒருவர் நெடுநேரம் சாகாமல் நின்றால் அடுத்த நாணயம் விழாது. அதனால் மூன்று உயிர், பிறகு முதலிலிருந்து. அந்த வழக்கம் வீட்டுக் கன்சோலுக்கும் அப்படியே குடிவந்தது. வீட்டில் நாணயம் போடும் துளை இல்லை, தண்டனை மட்டும் மிஞ்சியது. ஏழு கட்டங்களைக் கடந்து எட்டாவதில் விழுந்தால் மறுபடி முதல் கட்டம் என்பதில் திறமைக்குச் சோதனை குறைவு, நேரத்துக்குச் சேதம் அதிகம்.

கடினம் தற்செயலாகவும் வந்திருக்கிறது. 1978இல் தொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸில், எதிரிகள் குறையக் குறைய மிச்சமிருப்பவர்கள் வேகமெடுப்பார்கள். வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததால் எந்திரம் வேகமாக இயங்கியது, அவ்வளவுதான். நிஷிகாடோ அதைத் திருத்தாமல் விட்டுவிட்டார். கடைசி எதிரியைக் குறிவைக்கும்போது ஏற்படும் அந்தப் பதற்றம் வன்பொருளின் போதாமை கொடுத்த கொடை.

புதிய கேம்களிலும் கடினத்துக்குப் பஞ்சமில்லை. 2022இல் வந்த எல்டன் ரிங்கை விளையாடியவர் யாரும் அதைப் பிள்ளைவிளையாட்டு என்று சொல்லமாட்டார். ஆனால் அதில் பல பெரிய எதிரிகளின் வாசலருகே மரிகாவின் கம்பம் ஒன்று நட்டிருக்கும். தோற்றால் அங்கிருந்தே மறுபடி எழலாம். 2018இல் வந்த செலஸ்டேயில் ஒவ்வொரு அறையும் சில நொடிகளில் முடிகிற ஒரு புதிர். விழுந்த மாத்திரத்தில் அதே அறையின் தொடக்கத்தில் நிற்போம். அதற்கும் மேல் உதவி தேவைப்படுபவருக்கு விளையாட்டின் வேகத்தைக் குறைக்கவும் வழி வைத்திருக்கிறார்கள். சவால் குறையவில்லை. சவாலுக்கும் சவாலுக்கும் இடையில் இருந்த வெட்டி நடைதான் போயிருக்கிறது.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 2020இல் வந்த த லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான அமைப்புகள் மட்டும் அறுபதுக்கு மேல் இருந்தன. ஒலிக்குறிப்புகளை மட்டுமே நம்பிப் பார்வையற்றவர்கள் அதை முழுவதுமாக விளையாடி முடித்திருக்கிறார்கள். பழைய கேம்களின் பொற்காலத்தில் இவர்களுக்கு வாசலே கிடையாது.

இரண்டு காலத்தையும் ஒரே தராசில் வைக்க ரெசிடென்ட் ஈவில் 2 போல வசதியான கேம் வேறு இல்லை. நடமாடும் பிணங்கள் நிறைந்த காவல் நிலையத்தில் மாட்டிக்கொள்ளும் திகில் கேம் அது. 1998இல் ஒன்று, 2019இல் அதன் மறு ஆக்கம். கதை ஒன்று, காவல் நிலையம் ஒன்று, பயம் மட்டும் இரண்டு விதம்.

1998இன் கேமில் கேமரா அசையாது. ஒவ்வொரு அறையையும் ஒரு மூலையிலிருந்து பார்க்கிறோம். நடைபாதையின் திருப்பத்துக்கு அப்பால் ஒரு முனகல் கேட்கிறது. நாம் இயக்கும் நாயகன் லியோனின் கண்ணுக்கு அந்தப் பிணம் தெரிந்திருக்க வேண்டும், நமக்குத் தெரியாது. தெரியாத திசையில் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு அடிமேல் அடி வைக்கிறோம். கதவைத் திறந்தால் கறுப்புத் திரையில் ஒரு கதவு மெதுவாகத் திறக்கும் காட்சி வருகிறது. வட்டிலிருந்து அடுத்த அறையை ஏற்றுவதற்காக வைத்த தாமதம் அது. ஆனால் அந்தச் சில நொடிகளில் மனம் என்னென்னவோ கற்பனை செய்துவிடுகிறது. விளையாட்டைச் சேமிக்கத் தட்டச்சு எந்திரம் வேண்டும், அதற்கு மை நாடா வேண்டும், நாடாவோ எண்ணிக்கையில்தான் கிடைக்கும். ஆகவே சேமிப்பதுகூட ஒரு செலவு.

2019இன் கேமில் கேமரா தோளுக்குப் பின்னால் வந்துவிட்டது. மறைவான மூலை தந்த பயம் போயிற்று. அதை ஈடுகட்ட ஒலியைப் பிடித்துக்கொண்டார்கள். மிஸ்டர் எக்ஸ் என்ற ராட்சதன் பழைய கேமில் இரண்டாம் முறை விளையாடும்போதுதான், குறித்த சில இடங்களில் வருவான். புதியதில் காவல் நிலையம் முழுக்கத் தேடி அலைகிறான். மேல்மாடியில் அவன் நடக்கும் ஓசை கீழே கேட்கிறது. ஓசை நெருங்குகிறதா, விலகுகிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டே பூட்டின் எண்களைத் திருப்ப வேண்டும். கதவைச் சாத்திவிட்டால் தப்பித்தோம் என்ற பழைய நிம்மதி இல்லை, கதவைத் திறந்துகொண்டு வருகிறான். 1998இன் எந்திரத்தில் அறைக்கு அறை ஏற்ற வேண்டியிருந்ததால் இப்படி நிலையம் முழுக்க அலையவிடுவது எளிதான காரியம் அல்ல. இதில் என் ஓட்டு தயக்கமில்லாமல் புதியதற்கு. மை நாடா வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு ஹார்ட்கோர் நிலையில் அதையும் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் தொழில்நுட்பம் கூடினால் ஈர்ப்பும் கூடும் என்று கணக்குப் போடுவது தவறு. ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் 2004இல் வந்தபோது தொலைவில் எப்போதும் ஒரு மூட்டம் இருக்கும். தூரத்துக் கட்டடங்களை வரைய எந்திரத்துக்குத் தெம்பு இல்லை. 2021இல் அதைப் புதுப்பித்து வெளியிட்டபோது மூட்டத்தைப் பெருமளவு துடைத்துவிட்டார்கள். மலை மேல் நின்றால் நகரங்கள் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் தெரிந்தன. மூன்று நகரங்கள் கொண்ட பெரிய மாநிலம் என்று நம்பியிருந்த இடம் பூங்கா அளவுக்குச் சுருங்கிவிட்டது.

குப்பையைப் பற்றி ஒரு வார்த்தை. பழையவற்றில் நாம் இன்று பேசுவது தேறியவற்றை மட்டும். 1982இல் அட்டாரி வெளியிட்ட ஈ.டி. கேம் ஏறக்குறைய ஐந்து வாரத்தில் அவசர அவசரமாகச் செய்யப்பட்டது. விற்காத கார்ட்ரிட்ஜ்களை, அதாவது கேம் பதிந்த பிளாஸ்டிக் வில்லைகளை, நியூ மெக்சிகோவில் குழிவெட்டிப் புதைத்தார்கள், 2014இல் தோண்டியும் எடுத்தார்கள். அப்படிக் குழிக்குள் போக வேண்டியவை ஏராளமாக வந்த காலம் அது.

முடிவு

பேக்மேன் 255 கட்டங்கள் வரை ஒழுங்காக ஓடும். 256ஆவது கட்டத்தில், 255க்கு மேல் எண்ண இடமில்லாத எட்டு பிட் எண்ணிக்கை வழிந்து, திரையின் வலப்பாதி எழுத்தும் எண்ணுமாகச் சிதறிவிடும். அதற்கு மேல் போக முடியாது. 1989இல் நின்டென்டோவின் என்இஎஸ் கன்சோலுக்கு வந்த டெட்ரிஸை 2023 டிசம்பரில் ஒரு சிறுவன் அதன் நிரலே உறைந்து நிற்கும் வரை விளையாடியது உலகச் செய்தியானது. 34 ஆண்டுக்குப் பிறகும் அந்தக் கார்ட்ரிட்ஜில் கண்டடைய ஏதோ ஒன்று மிச்சம் இருந்திருக்கிறது. அது யாரிடமும் அனுமதி கேட்காமல் இன்றும் ஓடுகிறது.

2014இல் வந்த த க்ரூ என்ற கார் பந்தய கேமைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் 2024 மார்ச் 31க்குப் பிறகு அதை விளையாட முடியவில்லை. தனியாக ஓட்டினாலும் சர்வர் தேவை என்று அமைத்திருந்தார்கள், சர்வரை நிறுத்திவிட்டார்கள். கான்கார்ட் என்ற கேம் இன்னும் மோசம். 2024 ஆகஸ்ட் 23இல் வந்தது, செப்டம்பர் 6இல் மூடப்பட்டது. பணத்தையாவது திருப்பிக் கொடுத்தார்கள்.

முடியவே கூடாது என்று வடிவமைத்த கேம்களிடம்தான் என் கோபம் அதிகம். தினமும் உள்ளே வந்தால் பரிசு, இந்த மாதம் வாங்காவிட்டால் இனி கிடைக்காத உடை, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் காசு கொடுத்துத் திறக்கும் பெட்டி. இந்தப் பெட்டிகளில் சிலவற்றை 2018இல் பெல்ஜியம் சூதாட்டம் என்றே தீர்மானித்தது. ஆர்கேட் முதலாளியும் காசுக்காகத்தான் நம்மைக் கொன்றார், மறுக்கவில்லை. ஆனால் நாணயம் தீர்ந்தால் அவர் நம்மை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். இவர்கள் படுக்கைவரை வந்து நினைவூட்டுகிறார்கள்.

புதியவற்றின் பக்கம் நியாயமும் உண்டு. கார்ட்ரிட்ஜில் பிழை ஏறிவிட்டால் அது ஆயுளுக்கும் பிழைதான். சைபர்பங்க் 2077 வெளியான 2020 டிசம்பரில் அது பிளேஸ்டேஷன் கடையிலிருந்தே நீக்கப்படும் அளவுக்குக் கோளாறுகளோடு இருந்தது. 2023இல் வந்த 2.0 அப்டேட்டுக்குப் பிறகு தாராளமாகச் சிபாரிசு செய்யலாம். முடிக்காமல் விற்கும் துணிச்சலைக் கொடுத்ததும் இதே அப்டேட் வசதிதான் என்பது வேறு விஷயம். பழையவை கைவசம் இருந்தால்தான் ஓடும் என்பதையும் மறக்கக்கூடாது. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் கணக்கெடுத்துச் சொன்னது.

எதில் தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு: பழையதைத் தொட்டதே இல்லை என்றால் மாரியோவும் டெட்ரிஸும் போதும், இரண்டுக்கும் வயதாகவில்லை. பெரிய புதிய கேம்களில் சலித்தவர் செலஸ்டேயைப் பார்க்கலாம். பழையதன் சுருக்கமும் புதியதன் கருணையும் சேர்ந்து கிடைக்கும். ரெசிடென்ட் ஈவில் 2 விளையாடுபவர்கள் வரிசையைத் தலைகீழாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் 2019, பிறகு 1998. காவல் நிலையத்தின் வழிகள் ஓரளவு பழகியிருந்தால், டாங்கியைத் திருப்புவது போன்ற அந்தப் பழைய கட்டுப்பாடு அவ்வளவாகப் படுத்தாது. 1998இன் மூலமும் 2024 முதல் ஜிஓஜி தளத்தில் விற்பனைக்கு இருக்கிறது. வாங்கி இறக்கிக்கொண்டால் விளையாட இணையம் வேண்டியதில்லை.