நியூஸ் வந்தா எது முதல்ல ஆடும்? ஷேர், தங்கம், எஃப்டி, மனை: ஒரு கடலூர்க்காரன் கணக்கு

2024 ஜூன் 4, ஓட்டு எண்ணிக்கை அன்னைக்கு மஞ்சக்குப்பத்துல ஒரு டீக்கடையில நின்னுட்டிருந்தோம், நானும் என் தங்கச்சி வீட்டுக்காரரும். எல்லாரும் டிவியில யார் லீடிங்னு பாக்குறாங்க, மாப்ள மட்டும் ஃபோனையே பாத்துட்டிருக்காரு, டீ ஆறி ஆடை கட்டிப்போச்சு. முந்தின நாள் எக்ஸிட் போலை நம்பி சென்செக்ஸ், அதான் மும்பை ஷேர் மார்க்கெட் குறியீடு, 2,500 புள்ளி ஏறிச்சு, அன்னைக்கு பிஜேபிக்கு தனி மெஜாரிட்டி வராதுன்னு தெரிஞ்சதும் முடிவுல 4,390 புள்ளி இறங்கிச்சு. மாப்ள நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டுல (மார்க்கெட் குறியீடு போற போக்குலயே போற ஃபண்டு) வச்சிருந்த 4 லட்சத்தையும் மூணு மணிக்குள்ள ரிடீம் போட்டு வித்துட்டாரு. மூணு மணிக்குள்ள போட்டா அன்னைக்கு என்ஏவி, அந்த நாளோட யூனிட் விலைதான், அதாவது இருக்கறதுலயே மட்டமான நாளோட ரேட்டு. 7-ஆம் தேதி சென்செக்ஸ் 76,693, புது உச்சம். மூணே நாள்ல 25 ஆயிரம் சொச்சம் போச்சு.

இப்ப சீட்டு எடுத்த காசு 8 லட்சம் கையில இருக்கு, "மச்சான், அரசியல் நியூஸ் எதுவும் அண்டாத இடமா ஒண்ணு சொல்லுங்க"ன்னு கேக்குறாரு. அப்படி ஒரு இடம் இல்லைங்க. எல்லாத்தையும் நியூஸ் தொடும், எவ்ளோ சீக்கிரம் தொடும், தொட்டது நம்ம கண்ணுக்கு தெரியுமாங்கறதுலதான் வித்தியாசமே.

ஷேர்ல இருந்து ஆரம்பிக்கலாம். இதுல நியூஸ் செகண்டுல விலையில ஏறிடும், நாம டிவியில பாக்கும்போதே பழசு. எந்தக் கட்சி வருதுங்கறதை விட மார்க்கெட் எதை எதிர்பாத்துச்சுங்கறதுதான் விஷயம். 2004 மே 17-ல சென்செக்ஸ் ஒரே நாள்ல 11 சதவீதம் விழுந்துச்சு, நடுவுல ரெண்டு தடவை டிரேடிங்கையே நிறுத்தினாங்க, காங்கிரஸ் கூட்டணி இடதுசாரி தயவுல ஆட்சிக்கு வருதேன்னு பயம். 2009 மே 18-ல அதே காங்கிரஸ், அதே மன்மோகன் சிங், இந்த தடவை இடதுசாரி ஆதரவு தேவைப்படல, சென்செக்ஸ் 17 சதவீதம் ஏறி அப்பர் சர்க்யூட் (ஒரு நாளைக்கு அனுமதிச்ச ஏற்ற வரம்பு) அடிச்சு கடையை மூடிட்டாங்க. 2004-ல பயந்து 4,500 பக்கம் வித்துட்டுப் போனவங்க 2008 ஜனவரியில 20 ஆயிரத்துக்கு மேல நின்னதை வெளிய இருந்து வேடிக்கை பாத்தாங்க. 2008 கடைசியில அதுவும் பாதிக்கும் கீழ போச்சுன்றது வேற கதை, அதனால இதுல அஞ்சாறு வருஷத்துக்கு தொடாத காசுதான் இருக்கணும். ரிசல்ட் நாள்ல ஆப்ஷன் (விலை ஏறுமா இறங்குமான்னு பந்தயம் மாதிரி) வாங்கி அள்ளிடலாம்னு நினைக்கிறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கிறேன், 2022-லிருந்து 2024 வரை மூணு நிதியாண்டை எடுத்து ஷேர் மார்க்கெட் கண்காணிப்பு அமைப்பான செபி பாத்ததுல எஃப் அண்ட் ஓ-வுல (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) இறங்கின தனிநபர்கள்ல 93 சதவீதம் பேருக்கு நஷ்டம்.

தங்கத்துக்கு வருவோம். நம்ம ஊர்ல இதை யாரும் இன்வெஸ்ட்மெண்ட்னே சொல்றதில்ல, "பொண்ணுக்கு சேக்குறோம்"னுதான் சொல்வாங்க. விலையை நிர்ணயிக்கிறது மூணு பேர்: உலக மார்க்கெட் டாலர் ரேட்டு, ரூபா மதிப்பு, நம்ம அரசாங்கத்தோட இறக்குமதி வரி. 2024 ஜூலை 23 பட்ஜெட்ல வரியை 15-லிருந்து 6 சதவீதமாக்குனாங்க, சவரன் அன்னைக்கே ரெண்டாயிரத்துக்கு மேல இறங்கிச்சு. அதே பட்ஜெட்ல ஷேர் லாபத்துக்கு நீண்டகால வரியை 10-லிருந்து 12.5 ஆக்குனாங்க, குறுகியகாலத்துக்கு 15-லிருந்து 20. சென்செக்ஸ் நடுவுல 1,200 புள்ளிக்கு மேல விழுந்துட்டு சாயந்திரம் வெறும் 73 புள்ளி நஷ்டத்துல முடிச்சுது. ஒரே பேச்சு, ஒரே நாள், ஆடாதுன்னு நினைச்சது ஆடிச்சு, ஆடும்னு பயந்தது நின்னுச்சு.

அதுக்கு மொத வாரம்தான் எங்க அக்கா பாண்டி நேரு வீதியில ரெண்டு சவரன் செயின் எடுத்தாங்க. பட்ஜெட் அன்னைக்கு ராத்திரி பூரா மாமாவோட சண்டை, "நான் அப்பவே சொன்னேன்"னு அவரு. யாரும் செயினைக் கொண்டு போய் விக்கலையே, அதான் விஷயம். வித்தாலும் செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் திரும்பி வராது, அந்த எரிச்சலே நம்மள விக்க விடாம காப்பாத்துது. 2022-ல உக்ரைன் போரை ஒட்டி ரஷ்யாவோட டாலர், யூரோ கையிருப்பை முடக்குனப்புறம் பல நாட்டு ரிசர்வ் பேங்குங்க தங்கத்தை அள்ள ஆரம்பிச்சாங்க, மூணு வருஷமா வருஷத்துக்கு ஆயிரம் டன்னுக்கு மேல. 2025 டிசம்பர்ல சவரன் ஒரு லட்சத்தை தாண்டினப்ப மாமா அந்த சண்டையைப் பத்தி பேச்சே எடுக்கல. ஆனா எப்பவும் ஏறும்னு நினைக்காதீங்க, 2011-ல அவுன்ஸ் 1,900 டாலர் தொட்டது 2015 கடைசியில 1,050 பக்கம் வந்து நின்னுச்சு.

எஃப்டியும் போஸ்ட் ஆபீசும் அரசியல் படாத இடம்னு மாப்ள உறுதியா நம்புறாரு. 2021 மார்ச் 31 ராத்திரி நடந்ததை அவருக்கு ஞாபகப்படுத்துனேன். பிபிஎஃப் (அரசாங்கத்தோட நீண்டகால சேமிப்புத் திட்டம்) வட்டி 7.1-லிருந்து 6.4-னு குறைச்சு சிறுசேமிப்பு எல்லாத்துக்கும் ஆர்டர் வந்துச்சு. விடிஞ்சதும் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அது கவனக்குறைவா வந்த ஆர்டர், வாபஸ்னு ட்வீட் போட்டாங்க. தமிழ்நாடு, புதுச்சேரி ஓட்டுப்பதிவு ஏப்ரல் 6. நீங்களே கூட்டிக்கழிச்சு பாத்துக்குங்க. பேங்க் எஃப்டி வட்டி, ரிசர்வ் பேங்க் மத்த பேங்குங்களுக்கு கடன் தர்ற ரெப்போ வட்டி பின்னாடி போகும், 2022 மே-லிருந்து 2023 பிப்ரவரிக்குள்ள 4-லிருந்து 6.5 ஆச்சு, 2025 ஜூன்ல திரும்ப 5.5. போட்ட எஃப்டிக்கு வட்டி மாறாது, முடிஞ்சு திரும்ப போடும்போதுதான் உறைக்கும். இன்சூரன்ஸ் ஒரு பேங்க்ல ஒருத்தருக்கு 5 லட்சம் வரைக்கும்தான், அதனால 8 லட்சத்தை ஒரே பேங்க்ல குத்தாதீங்கன்னேன்.

மனை. இதுல தினமும் விலை தெரியாது, அதனாலேயே நிம்மதின்னு நினைக்கிறோம். கடலூர் பக்கம் ரிஃபைனரி வருது, துறைமுகம் வருதுன்னு பேசிப்பேசியே பிளாட் போட்டு வித்த காலம் ஒண்ணு இருந்துச்சு, எங்கப்பாவும் ஒண்ணு வாங்கினாரு. 2011 டிசம்பர் 30 தானே புயல் அடிச்சு முந்திரி, பலா எல்லாத்தையும் சாய்ச்சுட்டுப் போச்சு, ரிஃபைனரி வேலையும் நின்னு போச்சு, அந்த பிளாட்ல இன்னைக்கும் சீமைக்கருவேலம்தான். தமிழ்நாட்டுல 2017-ல வழிகாட்டி மதிப்பை (பத்திரப்பதிவுக்கு அரசு வைக்கிற நில மதிப்பு) 33 சதவீதம் குறைச்சு பதிவுக் கட்டணத்தை 4 சதவீதமாக்குனாங்க, 2023 ஏப்ரல்ல பழைய மதிப்பை கொண்டுவந்து கட்டணத்தை 2 ஆக்குனாங்க, 7 சதவீத முத்திரைத்தீர்வை சேத்தா வாங்கின அன்னைக்கே 9 சதவீதம் அவுட். முள்ளோடை தாண்டினா புதுச்சேரி, வேற அரசு, வேற ரூல். நெய்வேலி பக்கம் வளையமாதேவியில 2023 ஜூலையில நெல்லு நிக்கும்போதே என்எல்சி கால்வாய் வெட்ட மண்ணள்ளுனது எல்லாருக்கும் தெரியும். ஷேர்காரனுக்கு நியூஸ் ஸ்கிரீன்ல வரும், நிலத்துக்காரனுக்கு பொக்லைன்ல வரும்.

சைடுல ஒண்ணு. பாண்டியில என் ஃப்ரெண்டோட மாமனார் சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்துல இருந்து பிரெஞ்சு பென்ஷன் வாங்குறவரு. ஷேர், தங்கம் எதுவும் கிடையாது, ஆனா எங்க எல்லாரையும் விட உலக நியூஸ் உன்னிப்பா பாப்பாரு. 2025 தொடக்கத்துல யூரோ 90 ரூபாக்குப் பக்கம், அதே வருஷம் 100-ஐ தாண்டிச்சு, ஒரு வேலையும் செய்யாம பென்ஷன் பத்து சதவீதம் ஏறிப்போச்சு. டிரம்ப் வரி போட்டா இறால் பண்ணைக்காரர் முகம் வாடும், ரூபா விழுந்து யூரோ ஏறினா இவரு வீட்ல வஞ்சிரம் வாங்குவாங்க.

கடைசியில மாப்ளக்கு நான் சொன்னது இதான். மனை வேண்டாம், 8 லட்சத்துக்கு நல்ல இடத்துல வராது. அவங்கம்மா பேர்ல போஸ்ட் ஆபீஸ் சீனியர் சிட்டிசன் ஸ்கீம்ல பாதி. ரெண்டு சவரன் தங்கக் காசா, நகையா இல்ல. மீதியை திரும்ப அதே இண்டெக்ஸ் ஃபண்டுல மாசாமாசம் எஸ்ஐபியா. ஆனா ஒரு கண்டிஷன், ஆப் பாஸ்வேர்டு என் தங்கச்சிகிட்ட இருக்கணும். ஒத்துக்கிட்டாரு. போன வாரம் ஃபோன் பண்ணி, "மச்சான், மார்க்கெட் ஏதோ விழுதாமே"ன்னாரு. பாஸ்வேர்டு வச்சிருக்கவங்களை கேளுங்கன்னுட்டு வச்சுட்டேன்.