எங்கள் ஊர் ஃபைபர் இணையம்: பதினான்கு மாத அனுபவமும் தேர்தல் நேரத்துக் கேள்விகளும்

மானூர் ஒன்றியத்தில், சங்கரன்கோவில் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் ஊருக்கு ஃபைபர் இணையம் வந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. பொதுப்பணத்தில் ஊராட்சி அலுவலகம் வரை கொண்டுவரப்பட்ட கண்ணாடி இழை வடத்திலிருந்து வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் இணைப்பு இது. மாதக் கட்டணம் 399 ரூபாய்; 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்ந்து 471 ரூபாய் ஆகிறது. சட்டமன்றத் தேர்தல் நெருங்கிவிட்டதால் தெருமுனைக் கூட்டங்களில் இந்த வடத்தைப் பற்றியும் பேசுகிறார்கள். கொண்டுவந்தது யார், அதில் கொள்ளையடித்தது யார் என்பதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடுகிறது. மாதாமாதம் பணம் கட்டிப் பயன்படுத்துகிறவன் என்ற முறையில், சேவை எப்படி இருக்கிறது என்பதையும், மேடைகளில் எவரும் தொடாமல் விடுகிற ஒன்றையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிட வேண்டும். நொடிக்கு 30 மெகாபிட் வேகம் தருவதாகச் சொன்னார்கள், பகலில் 28 வரை கிடைக்கிறது, இரவு ஊரே படம் பார்க்கும் நேரத்திலும் 20-க்குக் கீழே இறங்குவதில்லை. இதற்கு முன் மொட்டை மாடியின் வடகிழக்கு மூலையில் கைப்பேசியை வைத்துவிட்டு, கீழே உட்கார்ந்து அதன் சிக்னலை வாங்கிக்கொண்டிருந்தோம். டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கும் என் மகள் வகுப்புகளைத் தடையில்லாமல் பார்க்கிறாள். மாதிரித் தேர்வை நடுவில் அறுபடாமல் எழுதி முடிக்கிறாள். இந்த ஒன்றுக்காகவே 471 ரூபாய் கொடுக்கலாம் என்பது என் கருத்து.

எங்கள் பெரியம்மையின் கதையையும் சொல்ல வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பீடி சுற்றியவர். வைப்புநிதி ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை உயிர்வாழ் சான்று கொடுத்தாக வேண்டும். இலை வெட்டியும் நூல் சுற்றியும் அவருடைய விரல் ரேகை தேய்ந்துவிட்டது. கருவியில் எத்தனை முறை வைத்தாலும் ஏற்காது. பேருந்தேறித் திருநெல்வேலிக்குப் போவதும், ரேகை விழாமல் திரும்பி வருவதும், மறுவாரம் மீண்டும் போவதுமாக இருந்தார். முகத்தைக் காட்டிச் சான்று பெறும் முறை 2021 நவம்பரில் வந்தபோதும், எங்கள் ஊர்ச் சிக்னலில் அந்தச் செயலி பாதியிலேயே நின்றுவிடும். கடந்த கார்த்திகையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, இரண்டு நிமிடத்தில் வேலையை முடித்தோம். “இவ்வளவுதானா எய்யா?” என்று இரண்டு முறை கேட்டுவிட்டு, நான் சொன்னதை நம்பாமல் என் மகளிடம் ஒருமுறை உறுதிசெய்துகொண்ட பிறகே எழுந்தார்.

இனி குறை. ஆடி மாதம் மேல்காற்று எங்கள் பக்கம் எப்படி வீசும் என்பது இந்தச் சீமைக்காரர்களுக்குத் தெரியும். வடம் பெரும்பாலும் மின்கம்பங்களின் மேலேயே வருகிறது. மண்ணைத் தோண்டிப் புதைப்பதை விட அதற்குச் செலவு குறைவு, வேலையும் சீக்கிரம் முடியும், அதில் தவறில்லை. ஆனால் அப்படிப் போட்ட வடம் காற்றில் ஆடும், கிளை உரசும், அணில் கடிக்கும். ஆடி இரண்டாம் வாரத்தில் ஒருநாள் வீட்டிலுள்ள இணையப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஒன்பது நாள் எரிந்துகொண்டே இருந்தது.

அந்த ஒன்பது நாளில் நான் தெரிந்துகொண்டது பதினான்கு மாதத்தில் தெரிந்துகொண்டதை விட அதிகம். இணைப்பு கொடுத்த நிறுவனத்தை அழைத்தால், பழுது எங்கள் பகுதியில் இல்லை, ஒன்றியத்திலிருந்து ஊராட்சிக்கு வரும் பெரிய வடத்தில் இருக்கிறது என்றார்கள். பெரிய வடத்தைப் பராமரிக்கும் ஒப்பந்ததாரரிடம் கேட்டால், கம்பத்தை மாற்றும்போது வடத்தை அவிழ்த்துப் போட்டுவிட்டார்கள், அதற்குத் தாங்கள் பொறுப்பில்லை என்றார்கள். கம்பம் மாற்றியவர்களோ, வடம் யாருடையது என்றே தங்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை என்றார்கள். மூன்று பேர் சொன்னதும் அவரவர் அளவில் உண்மையாகவே இருக்கலாம். மூவரையும் ஒரே இடத்தில் உட்காரவைத்துக் கேட்க அதிகாரமுள்ளவர் யார் என்பதற்குத்தான் எங்கும் விடை கிடைக்கவில்லை. எங்கள் மாவட்டத்தில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2021 அக்டோபரில் நடந்தது. அன்று நாங்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவரும், எங்களைப் போலவே வாடிக்கையாளர் எண்ணை அழைத்துவிட்டுக் காத்திருந்தார்.

பத்தாம் நாள் காலையில் மோட்டார் சைக்கிளில் ஒரு தம்பி வந்தார். ஆலங்குளம் பக்கம், இருபத்திரண்டு வயதுக்கு மேல் இருக்காது. அறுந்த இடம் சுடலைமாடன் கோயிலுக்கு எதிரே இருந்தது. கோயில் திண்டில் துண்டை விரித்து, அறுந்த இழைகளை உருக்கி ஒட்டும், தீப்பெட்டிக் கட்டு அளவுள்ள ஸ்பிளைசிங் கருவியை வைத்தார். வடத்தின் கறுப்பு உறையை உரித்ததும் உள்ளே நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு என்று மெல்லிய இழைகள் பிரிந்தன. ஒவ்வொன்றின் நிறப்பூச்சையும் வழித்து, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, நுனியை ஒரே வெட்டாக நேராக வெட்டினார். கருவித் திரையில் இரண்டு நுனிகளும் தாமாகவே நெருங்கி வந்தன, ஒரு பொறி தெறித்தது, 0.02 என்று காட்டியது. இணைப்பில் வீணாகும் ஒளியின் அளவு அது, குறையக் குறைய நல்லது என்றார். வெட்டி விழுந்த முடியளவு துண்டுகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி ஒரு தண்ணீர் பாட்டிலில் போட்டுக்கொண்டார். “அண்ணாச்சி, கீழ கெடந்தா மிதிச்சிராதிய. கண்ணாடி பாத்துக்கோங்க, காலுக்குள்ள ஏறிட்டா எடுக்க முடியாது” என்றார். வீட்டுப் பெட்டிக்கு வரும் ஒளியை அளந்தபோது மைனஸ் 22 காட்டியது. ஒளி குறைந்து மைனஸ் 27-க்குக் கீழே போனால் இணைப்பு தள்ளாடத் தொடங்குமாம். வேலை முடிய ஒன்றேகால் மணிநேரம் ஆயிற்று. ஒன்றேகால் மணிநேர வேலைக்கு ஒன்பது நாள் காத்திருந்தோம். அந்தத் தம்பியின் கையில் குறையே இல்லை. ஐந்து ஒன்றியங்களுக்கு அவரையும் சேர்த்து இரண்டே பேர் என்று அவர் சொன்னபோது எனக்குக் கோபம் வேறு திசைக்குத் திரும்பியது.

மேடைப் பேச்சுக்கு வருகிறேன். ஒரு கட்சி, இது மத்திய அரசின் திட்டம், பணம் டெல்லியிலிருந்து வந்தது என்கிறது. இன்னொரு கட்சி, மாநில அரசுதான் கம்பம் கம்பமாக இழுத்து முடித்தது என்கிறது. மூன்றாவது கட்சி, தங்கள் ஆட்சியிலேயே எல்லாம் தொடங்கிவிட்டது என்கிறது. இந்தத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது 2011 அக்டோபரில், மன்மோகன் சிங் ஆட்சியில்; அப்போது அதற்குத் தேசியக் கண்ணாடி இழை வலையமைப்பு என்று பெயர். 2015-இல், நரேந்திர மோடி ஆட்சியில், பாரத்நெட் என்று பெயர் மாறியது. தமிழ்நாட்டில் இரண்டாம் கட்டத்தை மாநில அரசே நடத்துவதற்காக, அ.தி.மு.க. ஆட்சியில் தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகம் உருவாக்கப்பட்டது. 12,525 ஊராட்சிகளையும் இணைக்கும் அந்தப் பணி களத்தில் நடந்தது தி.மு.க. ஆட்சியில். ஆகவே மூவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, முழு உரிமை ஒருவருக்கும் இல்லை.

பணம் டெல்லியுடையது என்ற பேச்சையும் நான் ஏற்பதற்கில்லை. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் வருவாயில் 5 விழுக்காட்டை ஒரு பொது நிதிக்குச் செலுத்துகின்றன. 2002-இல் தொடங்கிய அந்த நிதியின் நோக்கமே, லாபம் கிடைக்காது என்று நிறுவனங்கள் ஒதுக்கிவிடும் கிராமங்களுக்குத் தொடர்பு கொடுப்பதுதான். நாம் கைப்பேசிக்கு ரீசார்ஜ் செய்யும் பணத்திலிருந்தே அது போகிறது. பெரியம்மையின் ரீசார்ஜும் அதில் உண்டு.

ஊழல் பேச்சு பொருளற்றது என்று நான் சொல்லவில்லை. இந்தப் பணிக்கான ஏறத்தாழ 2,000 கோடி ரூபாய் மதிப்புள்ள டெண்டரில், குறிப்பிட்ட நிறுவனங்களுக்கு ஏற்றவாறு விதிகள் மாற்றப்பட்டதாக ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் புகார் கொடுத்தது. அன்று எதிர்க்கட்சியாக இருந்த தி.மு.க.வும் அதையே சொன்னது. துறை அமைச்சராக இருந்த ஆர்.பி. உதயகுமார் மறுத்தார். 2020 ஜூனில் மத்திய அரசின் தலையீட்டால் அந்த டெண்டர் ரத்தாகி, புதிதாகக் கோரப்பட்டது. அப்படித் தடுத்தது சரி. அதனால் வேலை தள்ளிப்போனது. கொரோனாக் காலத்தில், வகுப்பைக் கேட்க எங்கள் ஊர்ப் பிள்ளைகள் குளத்துக் கரை மேட்டில் சிக்னல் தேடி உட்கார்ந்திருந்ததும் அந்த ஆண்டுகளில்தான். கேள்வி கேட்டவர்கள் மேல் இதற்குப் பழி போட முடியாது. ஒழுங்கான டெண்டரை முதலிலேயே விடாதவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

எனக்குப் பெரிதாகப்படுவது பராமரிப்பு. 2023 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை 1,39,579 கோடி ரூபாயில் திருத்திய பாரத்நெட் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதில் நான் முக்கியமாகக் கருதுவது இரண்டு செய்திகள். ஒன்று, வடத்தைப் போட்டவரே நீண்ட காலம் அதைப் பராமரிக்க வேண்டும் என்ற ஏற்பாடு. மற்றொன்று, ரிங் எனப்படும் வளைய அமைப்பு. முதல் கட்டத்தில் வடம் ஒரே கோடாகப் போனது. நடுவில் ஓரிடத்தில் அறுந்தால் அதற்கு அப்பால் உள்ள ஊர்கள் எல்லாம் இருண்டுவிடும். வளையமாகப் போட்டால், ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கத்து வழியாக ஒளி வந்து சேரும். ஆடியில் நாங்கள் ஒன்பது நாள் பட்ட பாடு, எங்கள் ஊராட்சி ஒற்றைக் கோட்டின் கடைசியில் இருந்ததால் வந்தது. எங்கள் ஊரை வளையத்தில் சேர்ப்பீர்களா, எந்த ஆண்டுக்குள் சேர்ப்பீர்கள் என்று கேட்டால் வேட்பாளர் பதில் சொல்ல வேண்டும். இதுவரை எந்த மேடையிலும் அந்தச் சொல்லே காதில் விழவில்லை.

தேர்தலில் இணையத்தைப் பற்றி வாதிடுவது நல்லதுதான், வாதம் சரியான இடத்தில் நடந்தால். ஆஸ்திரேலியாவில் 2010 ஆகஸ்டில் நடந்த தேர்தலில் இது பெரிய விவகாரம். 93 விழுக்காடு வீடுகளுக்கு ஃபைபரும், எட்டாத தொலைவில் உள்ளவர்களுக்குக் கம்பியில்லா இணைப்பும் செயற்கைக்கோளும் என்று 4,300 கோடி டாலர் திட்டத்தைத் தொழிலாளர் கட்சி முன்வைத்தது. அது வீண்செலவு, 600 கோடி டாலருக்குச் சற்று மேலே போதும் என்றது எதிர்க்கூட்டணி. எவருக்கும் பெரும்பான்மை கிடைக்காதபோது, கிராமப்புறத் தொகுதிகளின் சுயேச்சை உறுப்பினர்களான டோனி வின்ட்சரும் ராப் ஓக்ஷாட்டும் தொழிலாளர் கட்சியின் ஜூலியா கில்லார்டை ஆதரித்தார்கள். அதற்கு இந்த இணையத் திட்டமும் ஒரு காரணம். 2013-இல் ஆட்சி மாறியதும், தெருப் பெட்டி வரை ஃபைபர், வீட்டுக்குப் பழைய செப்புக் கம்பி என்று குறைத்தார்கள். 2020-இல் பல பகுதிகளில் ஃபைபரை வீட்டை நோக்கி நீட்டுவதாக அறிவிக்க நேர்ந்தது. அங்கே வாக்காளருக்கு முன்னால் வைக்கப்பட்டவை எந்தத் தொழில்நுட்பம், எத்தனை வீடு, எவ்வளவு செலவு என்ற கேள்விகள். ஊர்ப்புறத்து உறுப்பினர் இருவர் தங்கள் ஆதரவுக்குக் கேட்ட விலைகளில் ஒன்று இணையம். நமது பக்கத்தில் அப்படிக் கேட்ட ஒருவரை எனக்குத் தெரியவில்லை.

பக்கத்துக் கேரளத்தில் 2023 ஜூனில் கே-ஃபோன் என்ற அரசு இணையத் திட்டம் தொடங்கியபோது 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவசம் என்று இலக்கு வைத்தார்கள்; அங்கும் எதிர்க்கட்சி முறைகேடு என்று நீதிமன்றம் போயிற்று. நமக்கு அரசு கேபிள் டி.வி.யின் அனுபவமே போதும். 2011-இல் மாதம் 70 ரூபாய்க்கு அது மீண்டும் வந்தபோது ஊரே மகிழ்ந்தது. மலிவாகக் கொடுத்தால் மட்டும் போதாது, பழுதானால் ஆள் வர வேண்டும் என்பதை எங்கள் தெரு அப்போதே பேசியது.

பழுது பார்க்க வரும் ஆளுக்காகவும் வடத்துக்காகவும் நான் இவ்வளவு எழுதுவதற்கு 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் மழையும் காரணம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் பெய்தது. தாமிரபரணி இரு கரையையும் மூழ்கடித்தது. என் அக்காவை ஸ்ரீவைகுண்டம் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மின்சாரம் போய், கைப்பேசிக் கோபுரங்களும் அடங்கிவிட்டதால், மூன்று நாள் அவர்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. நான்காம் நாள் வேறொருவர் கைப்பேசியிலிருந்து “நல்லா இருக்கோம்டா” என்று சொல்லி முடிப்பதற்குள் தொடர்பு அறுந்தது. ஊராட்சி அலுவலகப் பெட்டிக்கு ஒரு பேட்டரி, வளையத்தில் ஒரு மாற்றுப் பாதை, அறுந்தால் மறுநாளே வரும் ஓர் ஆள் ஆகியவை இருந்தால், அப்படி ஒரு நாளில் ஊரில் ஓரிடத்திலாவது பேச முடியும்.

என் மதிப்பீட்டில் வேகத்துக்கு ஐந்தில் நான்கு, கட்டணத்துக்கு நான்கு, பழுது நீக்கத்துக்கு ஒன்று. இணைப்பு வாங்க நினைப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். படிக்கிற பிள்ளை இருக்கும் வீட்டில் தயங்கவே வேண்டாம். பெட்டியை இன்வெர்ட்டரில் சேருங்கள், கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் வடத்தை முருங்கைக் கிளையில் படாமல் கட்டச் சொல்லுங்கள், புகார் எண்ணைக் குறுஞ்செய்தியாகக் கேட்டு வாங்கி வையுங்கள். ஆண்டுக் கட்டணமாகக் கட்டினால் ஒரு மாதம் இலவசம் என்கிறார்கள். நான் இப்போதைக்கு மூன்று மாதத்துக்கு மட்டும் கட்டியிருக்கிறேன். ஆனியில் காற்று எழும்பும்போது பழுது எத்தனை நாளில் நீங்குகிறது என்று பார்த்துவிட்டு மீதியைக் கட்டுவேன்.