பழைய ஜிடி86-க்கு எந்த டயர்: பிரைமசியா, பைலட் ஸ்போர்ட்டா, நியோவாவா?

பிரிட்டனில் இப்போது செகண்ட் ஹேண்ட் டொயோட்டா ஜிடி86 ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவர்கள் நிறைய. 2012-இல் விற்பனைக்கு வந்த கார், விலை இறங்கிச் சாதாரண சம்பளத்துக்கு எட்டும் இடத்துக்கு வந்துவிட்டது. வாங்கிய உடனே வருகிற முதல் பெரிய செலவு பல நேரம் டயர்தான், ஏனென்றால் விற்கிறவர் கிடைத்ததிலேயே மலிவான நாலு டயரை மாட்டி அனுப்பியிருப்பார், இல்லாவிட்டால் முன்னால் ஒரு கம்பெனி, பின்னால் வேறொரு கம்பெனி என்று கலந்து கிடக்கும்.

டொயோட்டா இதற்குத் தொழிற்சாலையிலேயே மாட்டியது மிஷலின் பிரைமசி எச்பி, 215/45 ஆர்17 அளவில் (215 மி.மீ. அகலம், 17 அங்குல ரிம்). டொயோட்டாவின் ஹைபிரிட் காரான பிரையஸிலும் வந்த அதே ரகம். காரை உருவாக்கிய தலைமைப் பொறியாளர் டெட்சுயா டாடா, அளவுக்கு மீறிய கிரிப் (சாலைப் பிடிப்பு) வேண்டாம் என்று தெரிந்தேதான் அந்த முடிவை எடுத்தார். 200 குதிரைத்திறன், 1,250 கிலோவை ஒட்டிய எடை, பின்சக்கர இயக்கம். இப்படிப்பட்ட காரில் டயர் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் மிதமான வேகத்திலேயே பின்பக்கம் மெல்ல நழுவுவது இடுப்பில் தெரியும், ஸ்டியரிங்கைத் திருப்பி அதைப் பிடித்துக்கொள்ளவும் நேரம் இருக்கும். இந்தக் காரின் சுகமே அதுதான். அதனால் "உள்ளதிலேயே அதிக கிரிப் எது" என்று தேடிப் போனால் இந்தக் காருக்குத் தவறான பதில்தான் கிடைக்கும்.

சரி, அப்படியானால் பிரைமசியையே திரும்ப வாங்கலாமா? வறண்ட சாலையில், விளையாட்டாக ஓட்ட ஆசைப்படுகிறவருக்கு அதில் தவறில்லை. சத்தம் குறைவு, நிதானமாகத் தேயும். ஆனால் இங்கே ஆண்டில் பாதி நாள் சாலை ஈரமாகத்தான் கிடக்கிறது. லண்டனைச் சுற்றிப் போகும் எம்25 நெடுஞ்சாலையில் மழையில் முன்னால் போகிற வண்டி திடீரென்று நிற்கும்போது, நழுவுகிற சுகம் யாருக்கும் வேண்டியதில்லை, நிற்கிற தூரம்தான் வேண்டும். அங்கே எனக்கு பிரைமசி போதவில்லை.

என் ஓட்டு மிஷலின் பைலட் ஸ்போர்ட் 5-க்கு. 2022-இல் வந்தது, ஈரச் சாலைப் பிடிப்புக்கு டயரின் ஐரோப்பிய லேபிளில் ஏ தரம் (முதல் தரம்), காரின் அசல் அளவிலேயே கிடைக்கிறது. வளைவில் முன்பக்கம் சொன்ன இடத்துக்குத் திரும்புகிறது. பிரைமசியைவிடப் பிடிப்பின் எல்லை உயரம்தான், ஆனாலும் எல்லையை நெருங்கும்போது சட்டென்று கைவிடாமல் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் விடுகிறது. குட்இயர் ஈகிள் எஃப்1 அசிமெட்ரிக் 6-உம் இதே வகுப்பு. இரண்டில் எது அந்த வாரம் விலை குறைவோ அதை எடுத்தாலும் நஷ்டமில்லை.

யோகோஹாமா அட்வான் நியோவா ஏடி08ஆர்எஸ் வேறு இனம். டிராக் டே (பந்தயத் தடத்தில் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கும் நாள்) போகிறவர்கள் இதைக் கொண்டாடுவதற்குக் காரணம் இருக்கிறது. ரப்பர் கலவை சூடானபின் பிடிக்கிற பிடி சாலை டயர்களில் அபூர்வம், பக்கச்சுவர் விறைப்பாக இருப்பதால் ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் நடுவே தொய்வே இல்லாதது போல் இருக்கும். ஆனால் அந்தச் சூடு சாலையில் வருவதில்லை. ஜனவரி காலையில், நாலைந்து டிகிரியில், வேலைக்குப் போகிற இருபது நிமிடத்தில் அது கடைசிவரை விழித்துக்கொள்ளாது. தேங்கிய தண்ணீரை வெளியேற்றவும் அதன் பட்டனில் (சாலையைத் தொடும் மேல்பரப்பில்) பள்ளங்கள் குறைவு. சத்தமும் அதிகம், சீக்கிரமும் தேயும். இதை வாங்குவதானால் இன்னொரு செட் ரிம்மும் வாங்கி (5x100 போல்ட் அளவு, தேடினால் கிடைக்கும்) டிராக்குக்கு மட்டும் மாட்டுங்கள். ஒரே செட்டில் எல்லாவற்றையும் செய்ய நினைப்பவருக்கு இது வேண்டாம்.

ஸ்காட்லாந்துப் பக்கம் இருந்துகொண்டு வருடம் முழுக்க இதே காரை ஓட்டுகிறவர்கள் கிராஸ்கிளைமேட் 2 போன்ற ஆல் சீசன் டயரைப் பற்றி யோசிக்கலாம். ஸ்டியரிங்கின் கூர்மை குறையும், பனியில் வீடு போய்ச் சேரலாம். மேலே சொன்னவை போன்ற கோடை டயர்களின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்குவதால் அவர்களுக்கு அந்த விட்டுக்கொடுப்பு நியாயமானதே.

பெயர் தெரியாத மலிவு டயரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஈரப் பிடிப்பில் முதல் தரத்துக்கும் கடைசித் தரத்துக்கும் இடையே, மணிக்கு 80 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க 18 மீட்டர்வரை வித்தியாசம் வரலாம் என்பது ஐரோப்பிய லேபிளுக்கான விளக்கத்திலேயே இருக்கிறது. நாலு கார் நீளம். அதே சமயம் லேபிளை மட்டும் பார்த்தும் வாங்காதீர்கள், அது புது டயரை நேர்கோட்டில் பிரேக் பிடித்து அளந்தது. பாதி தேய்ந்தபின் எப்படி, வளைவில் எப்படி என்பதெல்லாம் அதில் இல்லை.

அளவை மாற்றலாமா என்று கேட்பவர்களுக்கு: மாற்றாதீர்கள். 225/45 போட்டால் சக்கரத்தின் விட்டம் சுமார் 625 மி.மீ.யிலிருந்து 634-க்குப் போகும், கியர் அந்த அளவுக்கு நீளும் (சக்கரம் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் போவதால் முடுக்கம் மந்தமாகும்), எடை ஏறும், இருக்கிற 200 குதிரைகளுக்கு அதை இழுப்பதே வேலையாகிவிடும். 18 அங்குல ரிம்முக்கு மாறினால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லியாக வேண்டும்.

அப்புறம், கார் வாங்கும் முன்பே செய்யக்கூடிய ஒன்று. நம்பர் பிளேட்டை வைத்து எம்ஓடி (பிரிட்டனில் வருடாந்தர வாகனத் தகுதிச் சோதனை) வரலாற்றை அரசுத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். "உள்விளிம்பு தேய்ந்திருக்கிறது" என்ற குறிப்பு வருடா வருடம் வந்திருந்தால் அலைன்மென்ட் சரியில்லை, எவ்வளவு நல்ல டயர் போட்டாலும் அதே இடத்தில் தின்றுவிடும். டயரின் பக்கச்சுவரில் உள்ள டிஓடி எண்ணின் (தயாரிப்புக் குறியீட்டின்) கடைசி நாலு இலக்கத்தையும் பாருங்கள். 3516 என்றால் 2016-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பத்து வருடம் ஆன டயரை மாற்றிவிடச் சொல்கிறது மிஷலின். சட்டப்படி பட்டனின் ஆழம் 1.6 மி.மீ. ஆகும்வரை ஓட்டலாம், அதற்குக் கீழே போனால் ஒரு டயருக்கு 2,500 பவுண்டுவரை அபராதமும் ஓட்டுநர் உரிமத்தில் 3 தண்டனைப் புள்ளியும். மழைக்கு நான் 3 மி.மீ.யிலேயே மாற்றச் சொல்வேன். கையில் காசு குறைவாக இருந்து இரண்டுதான் வாங்க முடியும் என்றால் புதியவை பின்னால் போக வேண்டும், முன்னால் அல்ல.