ராணுவ வீரரின் இறுதிச்சடங்கில் ஆர்ப்பாட்டம்: இழப்பீட்டு வழக்கா, தூரக் கட்டுப்பாடா?

“வீரர்கள் செத்ததற்குக் கடவுளுக்கு நன்றி” என்று அட்டை பிடிக்கும் அமெரிக்க வெஸ்ட்போரோ கிறிஸ்தவ சபையை எதிர்கொள்ள இரண்டு வழிகள்: குடும்பம் இழப்பீடு கேட்டு வழக்குப் போடுவது, அல்லது சடங்கிலிருந்து தள்ளி நிற்கச் சொல்லும் சட்டம்.

செலவு
வழக்கு: குடும்பத்தின் தலையில். இறந்த வீரர் ஒருவரின் தந்தை ஸ்னைடர் போட்ட வழக்கில் ஜூரி 1.09 கோடி டாலர் தரச் சொன்னது; மேல்முறையீட்டில் அது பறிபோய், எதிர்த்தரப்பின் செலவையும் மகனை இழந்த தந்தையே கட்ட வேண்டும் என்றார்கள். கொடுமைதான்.
சட்டம்: அரசின் பொறுப்பு.

நீதிமன்றத்தில் நிலைக்குமா
வழக்கு: 2011-ல் உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்று சபையின் பக்கம் நின்றது. பேசியது பொது விவகாரம், நின்றது பொது இடம் என்பது காரணம்.
சட்டம்: என்ன பேசுகிறார்கள் என்று பார்ப்பதில்லை, எங்கே, எப்போது என்பது மட்டும்தான். 2012 மத்தியச் சட்டப்படி சடங்கு இடத்திலிருந்து 300 அடிக்குள், சடங்குக்கு முன்னும் பின்னும் 2 மணி நேரம் தடை. ஆனால் ஸ்னைடர் மகனின் சடங்கில் சபையினர் நின்றது சுமார் 1,000 அடி தள்ளி, அதாவது இந்த வரம்புக்கு வெளியே!

சடங்கு நேரத்து அமைதி போதும் என்றால் சட்டம். பொது விவகாரமே இல்லாமல் தனிப்பட்ட முறையில் வதைத்தால் வழக்கு.