யாபி யூவை எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

ரூட்ஸ் ரெகே (பக்தியும் எளியவர் பாடும் பேசும் ஜமைக்கா இசை) என்றதும் பாப் மார்லியோடு நின்றுவிடுகிறவர்களிடம் நான் முதலில் சொல்லும் பெயர் யாபி யூ. இயற்பெயர் விவியன் ஜாக்சன், 1946இல் கிங்ஸ்டனில் பிறந்தவர். வாலிப வயதில் சத்துக்குறைவால் மருத்துவமனையில் கிடந்து, அதோடு மூட்டுவாதமும் சேர்ந்து உடம்பை முடக்கிப்போட்டது. எத்தியோப்பியப் பேரரசர் ஹெய்லி செலாசியைக் கடவுளாகக் கும்பிடும் ராஸ்தாக்களுக்கு நடுவிலேயே வாழ்ந்துகொண்டு, கடவுள் செலாசி இல்லை, இயேசுதான் என்று அவர்களிடமே வாதாடியவர் என்பதால் 'ஜீசஸ் டிரெட்' என்ற பட்டப்பெயரும் உண்டு. 2010இல் காலமானார். இவ்வளவு கனமான குரல் எப்படி இத்தனை பேர் காதில் விழாமல் போனது என்று எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, எதை எடுப்பது? என் கணக்கில் போட்டி இரண்டு தொகுப்புகளுக்கு இடையில்தான். 1997இல் மான்செஸ்டரின் பிளட் அண்ட் ஃபயர் இசை நிறுவனம் வெளியிட்ட 'ஜீசஸ் டிரெட்' இரண்டு சிடி, 1972 முதல் 1977 வரையிலான பதிவுகள் மட்டும். 2015இல் அமெரிக்காவின் ஷனாச்சி வெளியிட்ட 'டிரெட் பிராஃபெசி' மூன்று சிடி.

நான் 'ஜீசஸ் டிரெட்' பக்கம். காரணம் பாட்டுகளை அடுக்கியிருக்கும் விதம். அந்தக் காலத்து ஜமைக்கா சின்ன இசைத்தட்டில் ஒரு பக்கம் பாட்டு என்றால், திருப்பிப் போட்டால் அதே பாட்டின் 'வெர்ஷன்' வரும், அதாவது குரலை உருவிவிட்டு பேஸையும் டிரம்மையும் முன்னால் தள்ளி, இடையிடையே எதிரொலியைத் தெளித்து மிக்ஸ் செய்தது. இதைத்தான் டப் என்பார்கள். யாபி யூவுக்கு அந்த வேலையைச் செய்தவர் கிங்ஸ்டனின் வாட்டர்ஹவுஸ் பகுதியில் ஸ்டுடியோ வைத்திருந்த கிங் டப்பி. இந்தத் தொகுப்பில் பாட்டு முடிந்த கையோடு அதே தாளத்தின் மேல் டப்போ, ஒரு டீஜே பேசிப் பாடுவதோ வந்துவிடுகிறது. முதல் தடவை பாட்டாகக் கேட்டது அடுத்த தடவை எலும்புக்கூடாக வந்து நிற்கும்போதுதான் அந்த பேஸ் எவ்வளவு வேலை செய்திருக்கிறது என்று புரியும். 'காங்கரிங் லயன்' பாட்டின் தொடக்கத்தில் வரும் முனகல் போன்ற கோஷம்தான் அவருக்கு யாபி யூ என்ற பெயரையே கொடுத்தது. அதை இப்படித் தொடர்ச்சியாகக் கேட்டால் உடம்பு சிலிர்க்கிறது.

'டிரெட் பிராஃபெசி'யைக் குறைத்துச் சொல்லவில்லை. பரப்பு அதிகம், மனிதரின் முழுக் கதையும் வேண்டும் என்றால் அதுதான். ஆனால் புதிதாக வருபவருக்கு மூன்று சிடி ஒரே மூச்சில் திகட்டும்.

அப்புறம் மூன்றாவதாக, தொகுப்பே வேண்டாம், 1975இல் வந்த 'காங்கரிங் லயன்' ஆல்பம் போதும் என்பவர்களும் இருக்கிறார்கள். நல்ல ஆல்பம்தான், ஆனால் பாதி அதிசயம் டப்பியின் கையில் இருக்கிறதே, அதை விட்டுவிட்டு யாபி யூவைக் கேட்க எனக்கு மனசு வராது. எதை எடுத்தாலும் ஃபோன் ஸ்பீக்கரில் மட்டும் போடாதீர்கள், பேஸ் மொத்தமும் காணாமல் போய்விடும்.