சுவருக்குள் இருக்கும் ஃப்ளஷ் டேங்க் ஒழுகினால் சுவரை உடைக்க விடாதீர்கள்

பாத்ரூம் சுவருக்குள் பதித்த ஃப்ளஷ் டேங்க் வைத்திருப்பவர்கள், முக்கியமாக ஊரில் அப்பா அம்மா தனியாக இருக்கிறவர்கள், தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். டேங்கிலிருந்து தண்ணீர் கம்மோடுக்குள் கசிந்துகொண்டே இருக்கிறது, அல்லது யாரும் தொடாமலே ராத்திரியில் 'உஸ்'ஸென்று தண்ணீர் ஏறும் சத்தம் கேட்கிறது என்றால், அதைச் சரிசெய்யச் சுவரில் கை வைக்க வேண்டிய தேவையே இல்லை. நாம் அழுத்துகிற ஃப்ளஷ் பிளேட்டைக் கழற்றினால் அதன் பின்னால் ஒரு திறப்பு இருக்கும். தேய்ந்துபோகக்கூடிய எல்லாப் பாகங்களும் அந்தத் திறப்பு வழியாகவே வெளியே வரும், புதியதும் அதன் வழியாகவே உள்ளே போகும். இது தெரியாதவர்களைத் தேடிப்பிடித்துச் சிலர் ஏமாற்றிக்கொண்டிருக்கிறார்கள். என் பெற்றோரிடம் 21,500 ரூபாய் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

மேடவாக்கத்தில் அவர்களுக்குத் தனி வீடு. இரண்டு பாத்ரூமில் ஒன்றில்தான் வெஸ்டர்ன். அப்பாவுக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது, கீழே குத்துக்காலிட்டு உட்கார முடியாது. அந்த ஒரு கம்மோடுதான் அவருக்கு எல்லாம். அதில் சில வாரங்களாகவே கம்மோடின் பின்பக்கம் நூல் மாதிரி தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை டேங்க் தானாக நிரம்பும் சத்தம் வேறு.

அம்மா போனில் டேங்க் கம்பெனியின் பெயரைப் போட்டு 'கஸ்டமர் கேர்' என்று தேடியிருக்கிறார். முதலில் வந்த எண்ணுக்குக் கூப்பிட்டதும், "ஆமாம்மா, கம்பெனி சர்வீஸ் சென்டர்தான் பேசறோம்" என்று பதில் வந்திருக்கிறது. மறுநாள் இரண்டு பேர் வந்தார்கள். கழுத்தில் அடையாள அட்டை, ஒரே மாதிரி டிஷர்ட். வந்ததற்கே 499 ரூபாய். அவர்கள் பிளேட்டைக் கழற்றவில்லை. ஒருவர் ஃப்ளஷை அழுத்திப் பார்த்தார், சுவரில் காதை வைத்துக் கேட்டார், அவ்வளவுதான். "டேங்க்ல கிராக் விட்டிருக்கும்மா. சுவத்துக்குள்ளயே ஒழுகிட்டிருக்கு. இப்படியே விட்டா சுவரே ஊறிப் போயிடும். உடைச்சுப் புது டேங்க்தான் வெக்கணும்" என்றிருக்கிறார். வயதானவர்களிடம் வீட்டுச் சுவர் போய்விடும் என்று சொன்னால் பயப்படாமல் என்ன செய்வார்கள்? அன்றைக்கே முன்பணமாக 10,000 ரூபாய் ஜிபேயில் போனது. கம்பெனிக் கணக்குக்கு இல்லை, ஒரு தனிநபர் கணக்குக்கு.

அவர்கள் சொன்னது பொய் என்பதற்கு அங்கேயே ஆதாரம் இருந்தது. டேங்க் உடம்பில் விரிசல் விட்டிருந்தால் தண்ணீர் சுவருக்குள் போகும், கம்மோடுக்குள் வராது. அந்தச் சுவரின் மறுபக்கம் படுக்கையறை. அங்கே பெயிண்ட் உரியவில்லை, ஈரம் இல்லை, சுவரை ஒட்டியிருந்த மர பீரோவில் பூஞ்சை இல்லை. பாத்ரூம் பக்கமும் டைல்ஸ் இடுக்கில் ஒரு சொட்டு வரவில்லை. தண்ணீர் இறங்கியதெல்லாம் கம்மோடுக்குள் மட்டும்தான். சர்வீஸ் தெரிந்த எவருக்கும் இது எந்தப் பாகத்தின் கோளாறு என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்திருக்கும்.

ஃப்ளஷ் டேங்க் சுவருக்குள் இருந்தாலும் வெளியில் இருந்தாலும் உள்ளே இருப்பது ஒரே ஏற்பாடுதான். தண்ணீரை உள்ளே விட ஒரு ஃபில்லிங் வால்வு, அதோடு சேர்ந்த மிதவை. தண்ணீரை வெளியே விட அடியில் ஒரு ஃப்ளஷ் வால்வு, அதற்குக் கீழே ஒரு ரப்பர் அல்லது சிலிகான் வாஷர். அப்புறம் தண்ணீர் அளவுக்கு மேல் ஏறினால் கம்மோடுக்குள் இறக்கிவிட ஓவர்ஃப்ளோ குழாய். கம்மோடுக்குள் தண்ணீர் வர இரண்டு காரணங்கள்தான் வழக்கமாக இருக்கும். ஒன்று, அடி வாஷர் தேய்ந்தோ உப்புப் படிந்தோ சரியாக உட்காராமல் கசிவது. அப்போது மட்டம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், மிதவை இறங்கும், ஃபில்லிங் வால்வு திறந்து மறுபடி நிரப்பும். ராத்திரியில் விட்டுவிட்டு வரும் சத்தம் இதுதான். இன்னொன்று, ஃபில்லிங் வால்வு முழுதாக மூடாமல் தண்ணீர் ஏறிக்கொண்டே போய் ஓவர்ஃப்ளோ வழியாக இறங்குவது. அதில் சத்தம் விட்டுவிட்டு வராது, ஓயாமல் 'உஸ்' என்று கேட்டுக்கொண்டே இருக்கும்.

சுவரை உடைத்தார்கள். பிளேட்டைச் சுற்றி டைல்ஸ் எல்லாம் பெயர்த்து, செங்கல் தெரிய ஒரு குழி. "பொருள் வரணும்" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் பல நாள் வரவே இல்லை. அந்த நாட்களில் பாத்ரூமுக்குத் தண்ணீர் இணைப்பும் இல்லை. அப்பா ஒவ்வொரு தடவையும் அம்மா வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைக்கக் காத்திருந்திருக்கிறார், ஜல்லியும் சிமெண்டும் கிடந்த ஈரத் தரையில் வாக்கரை ஊன்றிப் போயிருக்கிறார். வழுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு கலங்குகிறது. பணத்தைவிட என்னால் மன்னிக்க முடியாதது இதுதான். என்னிடம் சொல்லவில்லை. "வேலைல இருக்கிற பிள்ளையை ஏன் தொந்தரவு பண்ணணும்னு பாத்தோம்" என்று அம்மா பிறகு சொன்னார்.

கடைசியில் வந்து பூசி, வேறு நிறத்தில் டைல்ஸ் ஒட்டி, மீதிப் பணத்தையும் வாங்கிக்கொண்டார்கள். பில் கேட்டதற்கு "வாட்ஸப்ல அனுப்பறோம்" என்றார்கள். வரவே இல்லை. ஆனால் சத்தம் நின்றுபோயிருந்தது. அதனால் அப்பாவும் அம்மாவும் வேலை நன்றாக முடிந்தது என்றே நம்பினார்கள்.

சத்தம் எப்படி நின்றது என்பதுதான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். டேங்குக்குள் பிளேட்டுக்குப் பின்னாலேயே தண்ணீரை நிறுத்த ஒரு சின்ன காக், அதாவது திருகி மூடும் வால்வு, இருக்கும். அதைப் பெரும்பகுதி மூடி வைத்துவிட்டால் தண்ணீர் மெல்லிசாக ஏறும், சத்தம் வெளியே கேட்காது. கசிவு அப்படியே இருக்கும். சத்தம் கேட்காததை ரிப்பேர் என்று சொல்லிப் பணம் வாங்கிவிட்டார்கள். அதன் விளைவு, டேங்க் நிரம்பவே வெகுநேரம் ஆனது. இரண்டாவது முறை ஃப்ளஷ் பண்ணினால் தண்ணீர் வேகமே இல்லை. மாடி டேங்க்குக்கு மோட்டார் போடுவதும் குறையவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு லிட்டர் கசிந்தாலே ஒரு நாளைக்கு 288 லிட்டர். கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் பகுதியில் அது சும்மா சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது.

நான் போனபோது இதைப் பார்த்து, பக்கத்து ஹார்டுவேர் கடைக்காரரிடம் விசாரித்து, அந்தத் தெருவிலேயே பல வருடமாக வேலை செய்யும் ஒரு பிளம்பரை வரச்சொன்னேன். வந்தவர் முதல் வேலையாகப் பிளேட்டைக் கழற்றினார். செல்போன் டார்ச்சை உள்ளே அடித்து, "ஐயா, நீங்களே பாருங்க" என்று அப்பாவைக் கூப்பிட்டார். 'புது டேங்க்' என்று சொல்லப்பட்டதன் உள்பக்கம் முழுக்க வெள்ளை வெள்ளையாக உப்புப் படிவு. போர்வெல் தண்ணீரில் அந்த அளவுக்குப் படிய வருடங்கள் ஆகும். பழைய டேங்கையே வைத்து மறுபடி பூசியிருக்கிறார்கள். மாற்றியது ஒன்றுமே இல்லை. அப்பா ஒன்றும் பேசவில்லை, உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

பிளம்பர் காக்கை மூடினார், ஃப்ளஷ் வால்வை அந்தத் திறப்பு வழியாகவே எடுத்தார், அடியில் இருந்த வாஷரைக் காட்டினார். ஒரு பக்கம் பள்ளம் விழுந்து, ஓரமெல்லாம் கல் மாதிரி உப்பு. புது வாஷர் 180 ரூபாய். ஃபில்லிங் வால்வைக் கழற்றி வினிகரில் ஊறவைத்துக் கழுவி மாட்டினார். கூலி 400. "எல்லாமே இந்த வழியாத்தான் வரும்யா. கம்பெனிக்காரன் அதுக்குத்தானே இந்த பிளேட்டை வெச்சிருக்கான்" என்றார். காக்கை முழுதாகத் திறந்த பிறகும் சத்தம் இல்லை, கம்மோடு காய்ந்தே இருந்தது.

உங்கள் வீட்டில் கசிவு சந்தேகம் என்றால் ஆளைக் கூப்பிடும் முன் நீங்களே பார்க்கலாம். டேங்கில் கொஞ்சம் கேசரி கலர் பொடியைக் கரைத்து விட்டு, அரை மணி நேரம் ஃப்ளஷ் பண்ணாமல் இருங்கள். கம்மோடில் கலர் வந்தால் தண்ணீர் கசிகிறது. எந்தப் பாகம் என்று தெரிய, டேங்க் நிரம்பியதும் காக்கை மூடி, தண்ணீர் மட்டத்தைப் பென்சிலால் குறித்து வையுங்கள். ஒரு மணி நேரத்தில் மட்டம் நன்றாக இறங்கியிருந்தால் அடி வாஷர். இறங்கவே இல்லை, ஆனால் காக்கைத் திறந்ததும் தண்ணீர் ஓவர்ஃப்ளோ வாய் வரைக்கும் ஏறி வழிகிறது என்றால் ஃபில்லிங் வால்வு. பிளேட் சில மாடல்களில் மேல்நோக்கித் தள்ளினால் வரும், சிலவற்றில் கீழ்ப்பக்கம் பிடித்து இழுக்க வேண்டும், சிலவற்றில் இரண்டு ஸ்க்ரூ இருக்கும். பலவந்தம் வேண்டாம், கொக்கி உடைந்துவிடும். நிரம்பும்போது மட்டும் விசில் மாதிரி சத்தம் வருகிறதா? அது பெரும்பாலும் ஃபில்லிங் வால்வுக்குள் இருக்கும் சின்ன ரப்பர் சவ்வு தேய்ந்ததால் அல்லது பிரஷர் பம்ப் வைத்த வீடுகளில் அழுத்தம் கூடியதால். அங்கே காக்கைக் கொஞ்சம் குறைத்து வைப்பது நியாயமான வைத்தியம்தான், ஆனால் கசிவு இல்லை என்று பார்த்த பிறகுதான் அதைச் செய்ய வேண்டும்.

டேங்குக்குள் ஆசிட் ஊற்றாதீர்கள். டேங்கில் போடும் குளோரின் மாத்திரைகளும் வேண்டாம், ரப்பரையும் வாஷரையும் அவை சீக்கிரம் கெடுத்துவிடும்.

சுவரை உடைக்க வேண்டிய நிலைமை வரவே வராது என்று சொல்லவில்லை. டேங்குக்கு வரும் பைப் இணைப்பு சுவருக்குள் விட்டுப்போய் ஒழுகினால் உடைத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் அப்போது சுவரின் ஏதாவது ஒரு பக்கம் ஈரம் தெரியும். அப்படியே இருந்தாலும் பிளேட்டைக் கழற்றி உள்ளே பார்க்காமல் ஒருவர் சுத்தியலை எடுத்தால் அவரை வெளியே அனுப்பிவிடுங்கள். கழற்றிய பழைய பாகத்தை உங்கள் கையில் கொடுக்கச் சொல்லுங்கள்.

கம்பெனி எண்ணை இணையத் தேடலில் எடுக்கவே எடுக்காதீர்கள். வாரண்டி அட்டையிலோ, பெட்டியிலோ, கம்பெனியின் சொந்த இணையதளத்திலோ இருப்பதை மட்டும் நம்புங்கள். ஊரில் இருக்கும் பெற்றோருக்கு ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டு வாருங்கள். பிளம்பர், எலக்ட்ரீஷியன், கேஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து.

நான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். போலி எண் என்பதால் 1930 சைபர் உதவி எண்ணிலும் சொன்னேன். பில் இல்லாவிட்டாலும் ஜிபே பதிவும், வாட்ஸப் பேச்சும், குழி தோண்டியபோது அம்மா எடுத்த போட்டோவும் ஆதாரமாகக் கையில் இருக்கின்றன. கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே இல்லாமல் வழக்குப் போடலாம், ஆன்லைனிலேயே தாக்கல் செய்யவும் முடியும். அதற்கான மனுவைத் தயார் செய்துகொண்டிருக்கிறேன். அந்த எண்ணுக்கு நேற்று வேறொரு போனிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தேன். எடுத்தார்கள், இந்தத் தடவை வேறொரு கம்பெனியின் சர்வீஸ் சென்டர் என்று சொன்னார்கள்.