நிமோனியாவுக்கு எந்த ஆன்டிபயாடிக்? நான்கு மாத்திரைகள், ஒரு ஒப்பீடு

மாத்திரைக்கு முன் நோயாளி வீட்டில் இருக்கலாமா என்று பாருங்கள். மூச்சை ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். 30 அல்லது அதற்கு மேல், புதிதாக வந்த மனக்குழப்பம், ரத்த அழுத்தத்தில் மேல் எண் 90க்குக் கீழே அல்லது கீழ் எண் 60ஐத் தாண்டாதது, வயது 65 அல்லது கூடுதல்: ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. பூஜ்ஜியம் என்றால் பெரும்பாலும் வீடு. 3, 4 என்றால் உடனே அட்மிஷன். நடுவே மருத்துவர் நேரில் பார்த்து முடிவெடுக்க வேண்டும். விரலில் மாட்டும் கருவியில் ஆக்ஸிஜன் 92 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் புள்ளிக் கணக்கே தேவையில்லை, மருத்துவமனைதான். வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் குழப்பம் மட்டும் வருவதுண்டு.

வேறு நோயில்லாத வயதுவந்தவருக்கு முதல் தேர்வு அமாக்ஸிசிலின். பிரிட்டனில் 500 மி.கி., அமெரிக்க வழிகாட்டுதலில் 1 கிராம், இரண்டிலும் தினம் மூன்று வேளை. நிமோனியாவை அதிகம் உண்டாக்கும் பாக்டீரியாவான நிமோகாக்கஸை நன்றாக அடிக்கும். நிமோனியா தரும் இன்னொரு கிருமியான மைக்கோபிளாஸ்மாவுக்கு, இந்த மருந்து தாக்கும் செல்சுவரே இல்லாததால் அதனிடம் பலிக்காது. பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால் தொடவே கூடாது.

டாக்ஸிசைக்ளின் 100 மி.கி., தினம் இரண்டு வேளை. மைக்கோபிளாஸ்மாவையும் பிடிக்கும். தமிழ்நாட்டில் இதற்கு இன்னொரு மதிப்பும் உண்டு: நிமோனியா போலவே வரக்கூடிய, சிறு பூச்சி கடித்துப் பரவும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலுக்கும் இதுவே மருந்து. நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும். பாலோடும் இரும்பு, கால்சியம் மாத்திரைகளோடும் சேர்த்தால் சரியாக உறிஞ்சப்படாது. கர்ப்பிணிகளுக்குப் பொதுவாகத் தருவதில்லை.

மெடிக்கலில் கேட்டு வாங்கும் மூன்று மாத்திரை அசித்ரோமைசின் தனியாக நம்பத்தக்கதல்ல. ஆசியாவில் நிமோகாக்கஸ் பெரும்பாலும் இதற்கு எதிர்ப்புப் பெற்றுவிட்டது. சர்க்கரை, நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட்டோடு துணைக்குச் சேர்க்கும்போதுதான் இதற்கு வேலை. இதயத்துடிப்புக் கோளாறு இருந்தால் முதலில் இ.சி.ஜி.

லெவோஃப்ளாக்ஸசின் 750 மி.கி., தினம் ஒன்று. நான்கில் இதுவே மிக அதிக வகைக் கிருமிகளைத் தாக்கும், ஆனாலும் எங்கள் பட்டியலில் கடைசி. காசநோயை இது அரைகுறையாக அடக்கும். காய்ச்சல் குறையும், சளிப் பரிசோதனையில் கிருமி சிக்காமல் போகும், நோய் கண்டுபிடிப்பது தள்ளிப்போகும். இரண்டு வாரம் தாண்டிய இருமல், எடைக்குறைவு இருந்தால் முதலில் சளியைச் சோதிக்க வேண்டும். ஸ்டீராய்டு எடுக்கும் முதியவர்களுக்குத் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நாண்) அறுந்துபோகும் ஆபத்தும் உண்டு.

அசித்ரோமைசின் தவிர மற்றவை குறைந்தது 5 நாள். 48 முதல் 72 மணி நேரத்தில் காய்ச்சலும் மூச்சுவேகமும் இறங்காவிட்டால் மாத்திரையை மாற்றிப் பார்க்காமல், எக்ஸ்ரேயோடு திரும்பப் போய்க் காட்டுங்கள். இருமல் மட்டும் சில வாரம் நீடித்தால் அதற்காக இன்னொரு கோர்ஸ் வேண்டாம்.